ஆர்க்கிகேட்: ஸ்லாபை அழித்தால் தூணில் போட்ட கழுந்துத் துளையும் காணாமல் போகிறது

கனகபுரா_ரோடு:
வணக்கம். பெங்களூரில் கனகபுரா ரோட்டுப் பக்கம் ஒரு வீட்டுக்கு மரத் தாழ்வாரம், ஆர்க்கிகேட் என்ற கட்டட வரைபட மென்பொருளில் வரைகிறேன். காரைக்குடியில் ஒரு பழைய வீட்டைப் பிரித்தபோது வாங்கிய பர்மா தேக்கு. தூண் 150×150, உத்தரம் 100×200 மி.மீ. உத்தரத்தின் நுனியில் 50 மி.மீ. தடிமனில் 75 நீளக் கழுந்து (துளைக்குள் நுழையும் நாக்கு), தூணில் அதற்குத் துளை. திருகு, இரும்புப் பட்டை எதுவும் கண்ணில் படக்கூடாது என்பது வீட்டுக்காரம்மாவின் கட்டளை.

கழுந்து அளவுக்கு ஒரு ஸ்லாப் (பலகை வடிவம்) வரைந்து, ஒரு வடிவத்தால் இன்னொன்றை வெட்டும் சாலிட் எலிமென்ட் ஆபரேஷனில் தூணிலிருந்து கழித்தேன். துளை அழகாக விழுந்தது. வேலை முடிந்ததே என்று ஸ்லாபை அழித்தால், துளையும் மூடிக்கொண்டது! அப்புறம் இன்னொன்று. குறுக்காக வெட்டிக் காட்டும் படமான செக்‌ஷனில் தூணும் உத்தரமும் ஒரே மரம் மாதிரி ஒட்டி நிற்கின்றன, நடுவில் கோடே இல்லை. வெள்ளிக்கிழமை ஆசாரியிடம் படம் கொடுக்க வேண்டும். பதிப்பு 26.

அல்சூர்_வரைவாளர்:
ஸ்லாபை அழிக்கவே கூடாதுங்க. ஸ்கெட்ச்அப் என்ற இன்னொரு மென்பொருளில் கழித்தால் வெட்டு நிரந்தரம். இங்கே அது வெறும் உறவு. தூண் டார்கெட் (வெட்டப்படுவது), ஸ்லாப் ஆபரேட்டர் (வெட்டுவது). ஆபரேட்டர் போனால் வெட்டும் போகும். ஸ்லாபைத் தனி லேயரில் (படத்தின் அடுக்கில்) போட்டு அந்த லேயரை மறைத்துவிடுங்கள். மறைத்தாலும் துளை இருக்கும்.

ஒட்டிக்கொள்வதற்குக் காரணம், இரண்டுக்கும் ஒரே தேக்கு மெட்டீரியல் கொடுத்திருப்பீர்கள். தூண் லேயருக்கும் உத்தர லேயருக்கும் வேறு வேறு இன்டர்செக்‌ஷன் குரூப் எண் கொடுங்கள், எண் வேறானால் இரண்டும் ஒன்றாகச் சேராது, கோடு வந்துவிடும். துளையை இது பாதிக்காது.

உளிச்சத்தம்:
ஸ்லாபே எதற்கு? 23ஆம் பதிப்பிலிருந்து பீமை, அதாவது உத்தரத்தை, பல செக்மென்டாகப் (துண்டாகப்) பிரிக்கலாம். கடைசி 75 மி.மீ.யைத் தனி செக்மென்டாக்கி, நிலையான நீளம் கொடுத்து, குறுக்களவைக் குறையுங்கள். அதுதான் கழுந்து. பிறகு உத்தரத்தையே ஆபரேட்டராக்கித் தூணைக் கழியுங்கள். உத்தரம் நகர்ந்தால் துளையும் கூடவே நகரும். குறுக்களவு எதைப் பிடித்து நிற்கிறதோ அந்த ஆங்கர் புள்ளியை நடுவில் வையுங்கள், இல்லாவிட்டால் கழுந்து மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

கனகபுரா_ரோடு:
அருமை, இரண்டும் சரியாகிவிட்டது. ஆனால் முதல் தூணைக் காப்பி செய்து ஆறாக்கினேன். மற்ற ஐந்திலும் துளை இல்லை.

உளிச்சத்தம்:
தூணை மட்டும் காப்பி செய்தால், அது இன்னமும் பழைய இடத்திலுள்ள உத்தரத்தைத்தான் ஆபரேட்டராக நினைத்துக்கொண்டிருக்கும். தூணையும் உத்தரத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்துக் காப்பி செய்யுங்கள்.

தச்சர்_வீட்டுப்பெண்:
மென்பொருள் சரிதான், மரம் சரியில்லையே அண்ணா. நடுத்தூண்களில் இரண்டு பக்கமும் உத்தரம் வரும்தானே? 75-ம் 75-ம் சேர்ந்தால் 150. கழுந்துகள் தூணுக்குள் முட்டிக்கொள்ளும். 60 ஆக்குங்கள். துளை மட்டும் 63 ஆழம் இருக்கட்டும், அடியில் 3 மி.மீ. இடம் விட்டால்தான் உத்தரத்தின் தோள் (கழுந்தைச் சுற்றியுள்ள முகம்) தூணில் இறுக்கமாக உட்காரும்.

தடிமன் 50 என்பதும் அதிகம். மரத்தில் மூன்றில் ஒரு பங்கு என்பதுதான் வழக்கு. 100-க்கு 33 வரும், ஆனால் அப்பா 33 என்று எழுதவே விடமாட்டார், ‘அந்த அளவில் உளி எங்கே இருக்கு?’ என்பார். ஒன்றேகால் அங்குல உளி கிட்டத்தட்ட 32. அதையே போடுங்கள்.

கனகபுரா_ரோடு:
அந்த 3 மி.மீ.யை மாடலில் காட்ட மீண்டும் ஸ்லாபுக்குப் போக வேண்டும். மாடலில் 60 ஆகவே விட்டுவிட்டு, 1:5 படத்தில் ‘துளை ஆழம் 63’ என்று எழுதிவிட்டேன். கழுந்து 32 தடிமன், 140 உயரம்.

வெள்ளிக்கிழமை மாலைச் சேதி: ஆசாரி மாடலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ‘எல்லாம் சரி, துளை தரையிலிருந்து எத்தனை உயரத்தில் தம்பி?’ என்றார். அந்த ஒரு அளவைத்தான் போடவில்லை. இப்போது போட்டுக்கொண்டிருக்கிறேன்.