அலமாரியில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை: டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி இதற்கெல்லாம் வருவாரா?

சன்னிவேல்வாசி:
கலிபோர்னியாவின் சாண்டா கிளாரா கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் போன்றது) ஏழு ஆண்டுகளாக வசித்து வருகிறேன். வீட்டுக்கு அருகில் உள்ள ஒரு பெரிய கடையில், கடந்த இரண்டு மாதங்களில் மூன்று முறை அலமாரியில் ஒட்டியிருந்த விலை ஒன்றாகவும் பில்லில் விழுந்த விலை வேறாகவும் இருந்தது. கடைசி முறை, தயிர் டப்பாவுக்குக் கீழே மஞ்சள் சீட்டில் 4.99 டாலர், ரசீதில் 6.49. கேட்டவுடன் கல்லாவில் இருந்த பெண் மறுபேச்சின்றி வித்தியாசத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் மறுவாரம் போனபோதும் அதே சீட்டு அதே இடத்தில் இருந்தது, பில்லிலும் அதே 6.49 வந்தது. ஊரிலிருந்து வந்திருக்கும் என் அம்மா, ரசீதைப் படிக்காமல் நான்காக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொள்பவர். அவரைப் போன்றவர்களிடம் ஒரு நாளைக்கு எவ்வளவு போகிறதோ என்று யோசித்தேன்.

டி.ஏ. (டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி, அதாவது கவுண்டியின் அரசு வழக்கறிஞர்) அலுவலகத்தில் புகார் கொடுக்கச் சொல்கிறார் அலுவலக நண்பர் ஒருவர். கொலை வழக்கும் கொள்ளை வழக்கும் நடத்துகிறவர்கள் ஒன்றரை டாலருக்காக வருவார்களா? புகார் கொடுத்தால் நான் கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருக்குமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லவும்.

பழைய குமாஸ்தா:
நான் வழக்கறிஞன் அல்ல. இங்கே ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் பல ஆண்டுகள் கோப்புகளோடு புழங்கியவன். உங்கள் நண்பர் சொன்னது சரி.

டி.ஏ. என்றால் குற்ற வழக்கு மட்டுமே என்ற எண்ணம் நம்மவர்களிடம் ஊறியிருக்கிறது. கலிபோர்னியாவின் வணிக, தொழில்முறைச் சட்டத்தில் 17200 ஆம் பிரிவு முறையற்ற வணிகத்தையும் 17500 ஆம் பிரிவு பொய் விளம்பரத்தையும் தடுக்கின்றன. இவற்றின்படி மக்களின் பெயரில் சிவில் வழக்குத் தொடரும் அதிகாரம் மாநில அட்டர்னி ஜெனரலுக்கு மட்டுமின்றி, ஒவ்வொரு கவுண்டியின் டி.ஏ.வுக்கும் பெரிய நகரங்களின் சிட்டி அட்டர்னிக்கும் உண்டு. அபராதம் மீறல் ஒன்றுக்கு 2,500 டாலர் வரை; பாதிக்கப்பட்டவர் முதியவர் என்றால் அதற்கு மேலும் 2,500 வரை சேரலாம். உங்கள் கணக்கில் அது ஒன்றரை டாலர். அவர்கள் கணக்கில் அது ஒரு மீறல், அதே டப்பாவை வாங்கிய இன்னொருவருடையது இன்னொரு மீறல்.

உங்கள் கவுண்டியிலேயே உதாரணம் இருக்கிறது. பில்லில் கூடுதல் விலை போட்டது, எடை குறைந்த பொருளை விற்றது ஆகிய குற்றச்சாட்டுகளின் பேரில் சாண்டா கிளாரா உள்ளிட்ட சில கவுண்டிகளின் டி.ஏ.க்கள் வால்மார்ட் மீது தொடர்ந்த வழக்கு, 2025இல் சுமார் 56 லட்சம் டாலருக்குச் சமரசமாக முடிந்தது.

கயல், ஃப்ரீமாண்ட்:
நேராக டி.ஏ.விடம் போவதற்கு முன், கவுண்டியின் எடை, அளவைத் துறைக்கு எழுதுங்கள். பெட்ரோல் பங்கிலும் காய்கறித் தராசிலும் ஆண்டு போட்ட சிறு முத்திரைச் சீட்டு ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதை ஒட்டுகிறவர்கள்தான் விலை ஸ்கேனரையும் சோதிக்கிறார்கள். நம் ஊரில் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் செய்கிற வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வாளர் சாதாரண வாடிக்கையாளரைப் போல வந்து, பொருள்களைக் கூடையில் எடுத்து, விலையைக் குறித்துக்கொண்டு, கல்லாவில் அடிக்கச் சொல்லிப் பார்ப்பார். டி.ஏ.வின் வழக்குக்கு அடித்தளமாவது பெரும்பாலும் அந்தக் குறிப்புகள்தான், நம்முடைய கோபம் அல்ல.

இரண்டு வருடங்களுக்கு முன், டப்பாவின் எடையையும் சேர்த்து முந்திரிக்கு விலை போட்ட ஒரு கடையைப் பற்றி நானும் எழுதினேன். பத்து நாளில் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, எந்த வரிசை, எந்த நேரம், ரசீது கையில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். என்னை யாரும் கோர்ட்டுக்குக் கூப்பிடவில்லை. பிறகு என்ன நடந்தது என்றும் எவரும் சொல்லவில்லை, அது கொஞ்சம் வருத்தம்தான்.

தஞ்சாவூரான்:
மன்னிக்கவும், எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. தமிழ்நாட்டில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போனால், தாமதமானாலும் இழப்பீடு என் கைக்கு வரும். இங்கே கடைக்காரர் கட்டும் அபராதம் கவுண்டி கஜானாவுக்குப் போகிறது. பாதிக்கப்பட்டவனுக்கு ஒன்றும் இல்லாத வழக்கில் நான் ஏன் மெனக்கெட வேண்டும்? சமரசம் என்ற பெயரில் தவறை ஒப்புக்கொள்ளாமலே பணத்தைக் கட்டிவிட்டுப் போகும் நிறுவனங்களையும் பார்க்கிறோம்.

பழைய குமாஸ்தா:
தஞ்சாவூராரின் கேள்வி நியாயமானது. டி.ஏ. உங்களுடைய வக்கீல் அல்ல. அவருக்குக் கட்சிக்காரர் பொதுமக்கள். வாடிக்கையாளர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரும்படி அவர் நீதிமன்றத்தைக் கேட்கலாம், ஆனால் ரொக்கமாகக் கொடுத்து வாங்கிய ஆயிரம் பேரை எங்கே தேடுவது? அபராதத் தொகையோ, 2004ஆம் ஆண்டு வாக்காளர்கள் நிறைவேற்றிய 64ஆம் முன்மொழிவின்படி, நுகர்வோர் சட்டங்களை அமல்படுத்துவதற்கு மட்டுமே செலவிடப்பட வேண்டும். அதே முன்மொழிவுதான், தன் பணத்தையோ சொத்தையோ இழக்காத தனிநபர் 17200இன் கீழ் வழக்குப் போட முடியாது என்றும் ஆக்கியது. சன்னிவேல்வாசிக்கு ஒன்றரை டாலர் திரும்பக் கிடைத்துவிட்டதே, அவர் தனியாக வழக்குப் போட்டால் அதையே எதிர்த்தரப்பு முதலில் சொல்லும். டி.ஏ.வுக்கு அந்தத் தடை கிடையாது. உங்களுக்கே பெருந்தொகை நஷ்டம் என்றால் சிறு வழக்கு நீதிமன்றம் இருக்கிறது. தனிநபர் 12,500 டாலர் வரை வக்கீல் இல்லாமல் கேட்கலாம்.

கயல் அவர்களின் அலமேடா கவுண்டியில் நடந்த ஓவர்ஸ்டாக் வழக்கைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த இணையக் கடை தன் விலைக்குப் பக்கத்தில் இன்னொரு 'அசல் விலை'யைப் போட்டுத் தள்ளுபடி காட்டிவந்தது. 999 டாலர் பெறுமானம் என்று சொல்லி 449க்கு விற்ற தோட்ட நாற்காலித் தொகுப்பு ஒருவர் வீட்டுக்கு வந்தபோது, அதில் வால்மார்ட்டின் 247 டாலர் சீட்டு ஒட்டியபடியே இருந்தது! கவுண்டிகளின் டி.ஏ.க்கள் 2010இல் வழக்குப் போட்டார்கள். 2014இல் நீதிமன்றம் ஒவ்வொரு விற்பனையாக எண்ணாமல் நாள் கணக்கில் அபராதம் போட்டு, சுமார் 68 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. 2017இல் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. ஏழு ஆண்டுகள் ஆயின, உண்மைதான். ஆனால் தவறை ஒப்புக்கொள்ளாத சமரசம் அல்ல அது, தீர்ப்பு. தொகையைவிட, இனி அப்படி விலை காட்டக்கூடாது என்று பிறப்பிக்கப்படும் தடையாணைதான் கடைக்காரரைக் கட்டிப்போடுகிறது என்பது என் எண்ணம், ஏனென்றால் அதை மீறினால் அடுத்த வழக்கு முதலிலிருந்து தொடங்குவதில்லை.

ஒன்று விட்டுப்போயிற்று: 17200 ஆம் பிரிவில் நான்கு ஆண்டுகளுக்குள் நடந்தவையே கணக்கு. பழைய ரசீதுகளையும் எறிய வேண்டாம்.

சன்னிவேல்வாசி:
அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை போய், மஞ்சள் சீட்டையும் டப்பாவையும் ஒரே படத்தில் எடுத்து, வாங்கிய ரசீதோடு எடை, அளவைத் துறைக்கு அனுப்பிவிட்டேன். இந்த முறை வித்தியாசத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. அம்மாவின் பர்ஸிலிருந்து, நான்காக மடித்த ரசீதுகள் பதினொன்று கிடைத்தன. அவற்றில் இரண்டில் அதே தயிர் இருக்கிறது, இரண்டிலும் 6.49.