எஸ்தோனியா: ஆண்டது ரஷ்யா, பெயர் மட்டும் ஏன் ஜெர்மன்?

கேள்வி: 1710 முதல் 1918 வரை எஸ்தோனியா ரஷ்யர்களிடம் இருந்தது. ஆனால் பழைய குடும்பப் பெயர்கள் பல ஜெர்மனாக இருக்கின்றனவே, எப்படி?

பதில் 1: ஜார் மேலே இருந்தார், அவ்வளவுதான். பண்ணை, நீதிமன்றம், தேவாலயம் எல்லாம் பால்டிக் ஜெர்மானியப் பிரபுக்கள் (அங்கேயே குடியேறியிருந்த ஜெர்மன் மொழி பேசும் நிலவுடைமையாளர்கள்) கையில். 1710-ல் ரஷ்யாவிடம் சரணடையும்போதே பழைய சலுகைகளுக்கு உத்தரவாதம் வாங்கிவிட்டார்கள். பண்ணையடிமை முறை வடக்கே 1816-லும், தெற்கே லிவோனியா மாகாணத்தில் 1819-லும் ஒழிந்தது. ஆனால் நிலம் தரவில்லை; குத்தகைக்குப் பதிலாகப் பண்ணையில் உடலுழைப்பு தொடர்ந்தது. விவசாயிகளுக்குக் குடும்பப் பெயர் வந்ததே இதன் பிறகுதான், வடக்கில் 1835-ல். பதிவேடு ஜெர்மன் பேசுபவர்களிடம் இருந்ததால் பெயரும் அப்படியே விழுந்தது. 'தம்' (ஓக்), 'காஸ்க்' (பிர்ச்) மாதிரி எஸ்தோனிய மரப் பெயர்கள் தப்பின. மற்றவற்றில் ஏராளமானவற்றை 1930-களில் மாற்றிக்கொண்டார்கள்.

பதில் 2: மொழியையும் பாருங்கள். இலக்கணம் பின்னிக் மொழிக் குடும்பம் (பின்லாந்து மொழிக்கு உறவு). பள்ளிக்கு 'கோல்', கடைக்கு 'போட்': இரண்டும் தாழ்ஜெர்மன் (வட ஜெர்மனியின் பேச்சு மொழி) வரவு. புத்தகத்துக்கு 'ராமத்', அது ஸ்லாவிய மொழியிலிருந்து. தலைநகர் தாலின் என்ற பெயருக்கு 'டேனியர் கோட்டை' என்று பொருள் சொல்வார்கள்; டேனியர் அங்கே இறங்கியது 1219-ல்.

பதில் 3: ரஷ்யாவுக்கு முன்பிருந்த சுவீடன் ஆட்சியைப் 'பழைய நல்ல காலம்' என்பது பாதிதான் சரி. தார்த்து பல்கலைக்கழகம் (1632) அவர்கள் தந்தது. ஆனால் 1695-97 பெரும் பஞ்சமும் அவர்கள் காலத்தில்தான். இன்னொன்று: 1869-ல் தார்த்துவில் நடந்த முதல் பாட்டு விழா, லிவோனியாவில் பண்ணையடிமை முறை ஒழிந்ததன் 50-ஆம் ஆண்டுக்காக. அதன் வடிவம் ஜெர்மானியரின் பாடகர் சங்க விழாக்களைப் பார்த்து எடுத்தது!