கடலோர மணற்குன்றுகளில் பாக்டீரியாக் கூட்டத்தைத் தீர்மானிப்பது எது?

நெய்தல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். முதுகலை ஆய்வுக்காக, அலை தொடும் இடத்தை ஒட்டிய இளம் மணல்மேட்டில் தொடங்கி, உட்புறத்தில் புதர் மண்டிய பழைய குன்று வரை, ஒரே நேர்கோட்டில் ஐந்து இடங்களில் மேல் 10 செ.மீ. மண்ணை எடுத்து, அதிலுள்ள பாக்டீரியாக்களை 16எஸ் மரபணு வரிசைகளைக் கொண்டு இனங்கண்டேன். கடலிலிருந்து விலக விலகக் கூட்டத்தின் அமைப்பு சீராக மாறுகிறது. குறிப்பாக, பெரும்பாலும் அமில மண்ணில் செழிக்கும் ஆசிடோபாக்டீரியா என்ற குழு உட்புறத்தில் பெருகுகிறது. ஆனால் அதே திசையில் உப்பும் பி.எச். அளவும் குறைகின்றன (பி.எச். குறைந்தால் அமிலத்தன்மை கூடுகிறது என்று பொருள்), கரிமப்பொருள் கூடுகிறது, செடிகளும் மாறுகின்றன. "கடலிலிருந்து உள்ள தூரமே காரணம்" என்று எழுதலாமா? புள்ளியியல் அதற்கு இடங்கொடுக்கிறது, என் மனம்தான் ஒப்பவில்லை.

மண்வேதி எழுதியது:

உங்கள் மனம் ஒப்பாததே சரி. பாக்டீரியாவுக்குத் தூரம் தெரியாது. மணல்துகளைச் சுற்றியுள்ள மெல்லிய நீர்ப்படலத்தில் எவ்வளவு உப்பு, எவ்வளவு அமிலம், எவ்வளவு உணவு இருக்கிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும்.

முதலில் சுண்ணாம்பைப் பாருங்கள். கரைக்கு வந்து சேரும் புதுமணலில் கிளிஞ்சல் துண்டுகள் நிறைந்திருந்தால், அவற்றிலுள்ள கால்சியம் கார்பனேட் பி.எச். அளவை 8-க்கு மேலேயே நிறுத்தி வைக்கும். மழைநீர் அதை ஆண்டுக்கணக்கில் கரைத்துக் கீழே கொண்டுபோக, குன்று முதுமையடைய அடைய அமிலத்தன்மை ஏறும். இங்கிலாந்தின் கடலோரக் குன்றுகளில் தாவரவியலாளர் எட்வர்டு சாலிஸ்பரி 1925-இலேயே இதை அளந்து காட்டினார். கிளிஞ்சல் குறைந்த வெறும் படிகக்கல் மணலாக இருந்தால் இதே மாற்றம் விரைவில் நடந்துவிடும். எனவே இரண்டு கரைகளில் ஒரே தூரம் ஒரே பொருளைத் தராது. சூழலியலாளர்கள் நோவா ஃபியரர், ராபர்ட் ஜாக்சன் இருவரும் 2006-இல் வட, தென் அமெரிக்காக்களின் 98 மண்மாதிரிகளை ஒப்பிட்டபோது, பாக்டீரியாப் பன்மை வெப்பநிலையை விட பி.எச். அளவையே பின்தொடர்ந்தது, நடுநிலைக்கு அருகில்தான் அது உச்சத்தில் இருந்தது. உங்கள் ஐந்து மாதிரிகளிலும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்; சுண்ணாம்பு இருந்தால் நுரைக்கும். எந்த இடத்தில் நுரைப்பது நிற்கிறதோ, அதற்கும் ஆசிடோபாக்டீரியா பெருகத் தொடங்கும் இடத்துக்கும் தொடர்பிருக்கிறதா என்று தேடுவது நல்ல தொடக்கம்.

வேர்மணல் எழுதியது:

மேலே சொன்னதை ஏற்கிறேன், ஆனால் பி.எச். அளவோடு நின்றுவிட வேண்டாம். குன்றில் வளரும் புல் ஒன்றைக் கவனமாகத் தோண்டியெடுத்துப் பாருங்கள்: வேரைச் சுற்றி மணல் ஓர் உறைபோல ஒட்டியிருக்கும், உதறினாலும் எளிதில் உதிராது. வேர் கசியும் பசையும் பாக்டீரியாக்கள் சுரக்கும் சர்க்கரைப் பிசினும் சேர்ந்து பிடித்து வைத்த மணல் அது. அங்கே ஈரம் சற்று நேரம் தங்கும், உணவும் கிடைக்கும், நைட்ரஜனை நிலைப்படுத்தும் பாக்டீரியாக்களும் குடியிருக்கும். ஒரு சாண் தள்ளியுள்ள வெற்று மணலோ மழை நின்ற சிறிது நேரத்தில் உலர்ந்து, நண்பகலில் 50 டிகிரி செல்சியசையும் தாண்டிக் கொதிக்கும். பேசில்லஸ் போலக் கடின உறையுள்ள வித்தாக மாறி உறங்கக்கூடிய பாக்டீரியாக்களும், வறட்சியைத் தாங்கும் ஆக்டினோபாக்டீரியாக்களும் அங்கே நிலைப்பதில் வியப்பில்லை. நீங்கள் செடியடியில் எடுத்தீர்களா, வெற்றிடத்தில் எடுத்தீர்களா? கடைசி மழைக்கு எத்தனை நாள் கழித்து எடுத்தீர்கள்? உலர்ந்த மண் நனைந்தவுடன் நுண்ணுயிர்ச் செயல்பாடு சட்டென்று பொங்குவதை மண் ஆய்வாளர் பர்ச் 1958-இல் விளக்கியிருக்கிறார். மழை நாளைக் குறிக்காத மாதிரியை மற்றொன்றோடு ஒப்பிட முடியாது.

குன்றோரம் எழுதியது:

"எல்லாம் எங்கும் உண்டு; ஆனால் சூழல் தேர்ந்தெடுக்கிறது" என்று நுண்ணுயிர்களைப் பற்றி டச்சு அறிவியலாளர் பாஸ் பெக்கிங் 1934-இல் சொன்ன கருத்தைச் சோதிக்க மணற்குன்று அருமையான களம். ஆனால் ஒரே கோட்டில் எடுத்த ஐந்து மாதிரிகள் அதற்குப் போதா. குறைந்தது இன்னும் சில கோடுகள் வேண்டும். அதைவிட முக்கியம், காரணிகள் ஒன்றையொன்று விட்டுப் பிரியும் இடங்களைத் தேடுவது. பழைய குன்றின் மேற்பரப்பைக் காற்று அரித்துச் சென்ற பள்ளத்தில், கடலிலிருந்து தூரம் அதேதான். ஆனால் அடியிலிருந்த சுண்ணாம்பு மணல் வெளிப்பட்டிருக்கலாம். குன்றுகளுக்கு இடையிலுள்ள ஈரத்தாழ்விலோ வயது கூடியும் வறட்சி இல்லை.

இன்னொன்று: மணலில் உயிரிகள் குறைவு என்பதால் டி.என்.ஏ. மிகக் கொஞ்சமாகவே கிடைக்கும். மண் சேர்க்காத வெற்று மாதிரி ஒன்றையும் உடன் பிரித்தெடுக்காவிட்டால், வேதிப்பொருள்களில் கலந்திருக்கும் பாக்டீரியாவைக் குன்றின் பாக்டீரியாவென்று எண்ணிவிடுவோம்.

நெய்தல் எழுதியது:

மிக்க நன்றி. குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன்: கடலோர இரண்டு மாதிரிகளும் வெற்று மணலில் எடுத்தவை, உட்புற மூன்றும் செடியடியில் எடுத்தவை. தூரம் என்று நான் கண்டதில் வேரின் பங்கு எவ்வளவு என்று இப்போது சொல்ல வழியில்லை. அடுத்த முறை மூன்று கோடுகளில், ஒவ்வோர் இடத்திலும் வேரடி மண்ணையும் வெற்று மணலையும் தனித்தனியே எடுக்கிறேன். காற்றரித்த பள்ளம் ஒன்று வடபுறத்தில் இருக்கிறது, அமிலச் சொட்டுச் சோதனையை அங்கிருந்தே தொடங்குகிறேன்.