மருந்துக்கடை திறந்தவர்கள், இடம் மாற்றியவர்கள், மூடியவர்கள்: குமரி மாவட்ட அனுபவங்களை இங்கே எழுதுங்கள்

தக்கலை ஃபார்மசிஸ்ட்:

நம் மாவட்டத்தில் மெடிக்கல் வைத்திருப்பவர்களும் வைக்க நினைப்பவர்களும் தங்கள் அனுபவத்தை ஒரே இடத்தில் எழுதி வைக்க வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. லைசென்ஸ் விஷயத்தில் ஏஜென்சிக்காரர் ஒன்று சொல்வார், ஆடிட்டர் வேறொன்று சொல்வார், பக்கத்துக் கடைக்காரர் பத்து வருடத்துக்கு முந்தைய நடைமுறையைச் சொல்வார். இதில் நஷ்டப்படுவது சின்னக் கடைகள்தான். முதலில் என் கதை.

சாலையை அகலப்படுத்த எங்கள் கட்டடத்தின் முன்பகுதி போனது. மிச்சமிருந்ததில் நெடுநாள் கடை நடத்த முடியாது. சாலைக்கு எதிர்ப்புறம் ஓர் அறை கிடைத்தது. அதே உரிமையாளர், அதே ஃபார்மசிஸ்ட், அதே பெயர்ப்பலகை, முகவரி மட்டும்தானே மாறுகிறது என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின்படி உரிமம் ஒரு குறிப்பிட்ட கட்டடத்துக்குத் தரப்படுகிறது. அந்தக் கதவு எண்ணை விட்டு வெளியே வந்தால் பழைய லைசென்ஸ் கூடவே வராது. எதிர்ப்புறம் போனாலும் சரி, எட்டாவது ஊருக்குப் போனாலும் சரி, புது விண்ணப்பம், புது வரைபடம், புது ஆய்வு.

சில்லறை விற்பனைக்குப் படிவம் 19-இல் விண்ணப்பிக்கிறோம். கிடைப்பது படிவம் 20, 21 என்ற இரண்டு உரிமங்கள். பொதுவான மருந்துகளுக்கு 20, இன்சுலின், தடுப்பூசி மாதிரியானவற்றுக்கு 21. ஒவ்வொன்றுக்கும் 1500 ரூபாய் கட்டணம். கடை குறைந்தது 10 சதுர மீட்டர் இருக்க வேண்டும், அதாவது சுமார் 108 சதுர அடி. இதை உள்ளளவாக அளந்துகொள்ளுங்கள். எனக்கு முதலில் காட்டிய அறையை வீட்டுக்காரர் 120 சதுர அடி என்றார். சுவரைக் கழித்து உள்ளே டேப் பிடித்துப் பார்த்தால் நூறுகூட வரவில்லை. நல்லவேளை, அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே அளந்தேன்.

புது உரிமம் கையில் வரும்வரை பழைய இடத்தில், இடிந்த முகப்போடு, வியாபாரம் நடத்தினேன். இரண்டு வாடகை. மனசு வலித்தது, ஆனால் வேறு வழி கிடையாது. உரிமம் இல்லாத இடத்தில் மருந்து விற்றால் 3 முதல் 5 வருடம் வரை சிறை, குறைந்தது ஒரு லட்சம் ரூபாய் அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது. "விண்ணப்பம் போட்டாச்சே, சரக்கை இறக்கிவிடு" என்று சொல்பவர் யாரும் நமக்காகக் கோர்ட்டுக்கு வரப்போவதில்லை.

இன்சுலினைப் புதுக் கடைக்குக் கொண்டுபோனதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய சரக்கு. புதுக் கடை ஃபிரிட்ஜை முந்தின நாளே ஓட்டி, உள்ளே தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். அப்புறம் ஐஸ் பேக் போட்ட பெட்டியில், ஐஸ் நேரடியாகத் தொடாமல் துணி சுற்றிக் கொண்டுபோனேன். இன்சுலின் ஒருமுறை உறைந்துபோனால் அது பயன்படாது. பார்வைக்கு வித்தியாசமே தெரியாது என்பதுதான் பயம்.

மார்த்தாண்டம் டி.ஃபார்ம்:

அண்ணாச்சி, இடத்தைப் பற்றிச் சொன்னீர்கள். நான் ஆளைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் கடைக்கு ஃபார்மசிஸ்டாக வந்த பெண்ணுக்குப் பாறசாலைப் பக்கம் வீடு. கேரள ஃபார்மசி கவுன்சிலில் பதிவு. களியக்காவிளையைத் தாண்டி இந்தப் பக்கம் வேலைக்கு வருவது நம் ஊரில் சாதாரண விஷயம், பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் உரிமத்துக்கு விண்ணப்பித்தபோது தமிழ்நாடு கவுன்சில் பதிவு வேண்டும் என்று கேட்டார்கள். கேரளத்தில் தடையின்மைச் சான்று வாங்கி, இங்கே பதிவை மாற்றி, அதன்பிறகுதான் கோப்பு நகர்ந்தது. எல்லைக் கிராமங்களில் கடை திறப்பவர்கள் அறை தேடுவதற்கு முன்பே ஃபார்மசிஸ்டின் பதிவு எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று கேளுங்கள்.

இன்னொன்று. சர்டிபிகேட்டை மட்டும் சுவரில் மாட்டிவிட்டு, மாதாமாதம் ஒரு தொகை வாங்கிக்கொண்டு, கடைப்பக்கமே வராத ஆட்கள் இருக்கிறார்கள். இது எனக்குப் பொறுக்கவில்லை. 1948 ஃபார்மசி சட்டத்தின் 42-ஆவது பிரிவு, பதிவு பெற்ற ஃபார்மசிஸ்ட் அல்லாதவர் டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்கக் கூடாது என்கிறது. வயதான அம்மாவுக்கு இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எழுதியிருக்கும். அதே கையோடு மூட்டுவலிக்கு இன்னொரு மாத்திரை கேட்பார். சேர்த்துச் சாப்பிட்டால் வயிற்றுக்குள் இரத்தம் கசியலாம் என்று அந்த நேரத்தில் சொல்ல கவுன்டரில் படித்த ஆள் நிற்க வேண்டும். சுவரில் தொங்கும் சர்டிபிகேட் அதைச் சொல்லாது.

படித்துவிட்டு வேலை தேடும் தம்பி, தங்கைகளே, உங்கள் பெயரை வாடகைக்கு விடாதீர்கள். கடையில் ஏதாவது நடந்தால் உங்கள் பதிவுக்கும் ஆபத்து.

கருங்கல் மகன்:

அப்பா காலமானபோது எனக்குத் தெரிந்த விஷயம் இது. கடை அப்பா பெயரில் தனி உரிமையாளராக இருந்தது. நான் டி.ஃபார்ம் (ஃபார்மசி டிப்ளமோ) முடித்தவன், பல வருடம் அந்தக் கவுன்டரிலேயே நின்றவன். இருந்தும் அந்த லைசென்ஸ் வாரிசுச் சொத்தாக என்னிடம் வராது.

உரிமத்தின் நிபந்தனையிலேயே எழுதியிருக்கிறது: நிறுவன அமைப்பில் மாற்றம் வந்தால் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும், பழைய உரிமம் மாற்றம் நடந்த நாளிலிருந்து அதிகபட்சம் 3 மாதம்தான் செல்லும், அதற்குள் புது உரிமம் எடுக்க வேண்டும். கூட்டாளி சேர்ந்தாலும் விலகினாலும் இதேதான். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு மருந்து வணிகர் சங்கத்துப் பெரியவர் ஒருவர் வீட்டுக்கு வந்து, "மக்கா, இறப்புச் சான்றிதழை முதலில் வாங்கு, மருந்து ஆய்வாளருக்கு இன்றைக்கே கடிதம் கொடு" என்று உட்காரவைத்து எழுத வைத்தார். அவர் வரவில்லை என்றால் அந்த மூன்று மாதம் துக்கத்திலேயே ஓடியிருக்கும்.

எனக்கு அதிக நாள் பிடித்தது வாரிசுச் சான்றிதழும் கட்டடப் பத்திரமும்தான். கட்டடம் தாத்தா பெயரிலேயே இருந்தது, சித்தப்பாக்களின் சம்மதம் தேவைப்பட்டது. உங்கள் கடைக் கட்டடம் யார் பெயரில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

குலசேகரம்:

ஒரு சந்தேகம். பேச்சிப்பாறைக்கு மேலே மலைக்குடியிருப்பில் என் உறவினர் பெட்டிக்கடை வைத்திருக்கிறார். காய்ச்சல் மாத்திரை, தைலம் மட்டும் வைக்க அவருக்கும் லைசென்ஸ் வேண்டுமா? கீழே இறங்கி வர பஸ்ஸை நம்ப வேண்டிய இடம்.

தக்கலை ஃபார்மசிஸ்ட்:

நல்ல கேள்வி. மருந்து விதிகளின் கே அட்டவணையில் இதற்கு விலக்கு இருக்கிறது. 1000 பேருக்கு மேல் இல்லாத கிராமத்தில் பாராசிட்டமால், ஆஸ்பிரின், வலித்தைலம், வயிற்று அமிலத்துக்கான மருந்து, கிரைப் வாட்டர், பஞ்சு மாதிரியான வீட்டு மருந்துகளை விற்பனை உரிமம் இல்லாமலே வைக்கலாம். கம்பெனி பாக்கெட்டைப் பிரிக்காமல் விற்க வேண்டும், சரக்கை உரிமம் பெற்ற மொத்த விற்பனை ஏஜென்சியில் பில்லோடு வாங்க வேண்டும். ஆன்டிபயாட்டிக் ஒன்றுகூட வைக்கக் கூடாது, அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். பெரிய ஊராக இருந்து, இந்த மாதிரி மருந்து மட்டும் போதும் என்றால் படிவம் 20ஏ என்ற வரையறுக்கப்பட்ட உரிமம் இருக்கிறது. அதற்கு ஃபார்மசிஸ்ட் தேவையில்லை.

வடசேரி:

நாங்கள் அண்ணன் தம்பி இருவரும் தனித்தனியாக நடத்திய கடைகளை ஒன்றாக்கினோம். ஒன்று வடசேரியில், மற்றது ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிப் பக்கம். இரண்டு கடைகளை 'இணைக்க' என்று தனி விண்ணப்பம் இருக்கும் என்று நினைத்துத் தேடினோம், எங்களுக்கு அப்படி ஒன்று கிடைக்கவில்லை. ஒவ்வொரு இடத்துக்கும் தனி உரிமம் என்பதுதான் அடிப்படை. ஒரே முதலாளிக்குப் பத்துக் கடை இருந்தாலும் பத்துக்கும் தனித்தனி உரிமம்.

அதனால் நாங்கள் செய்தது: முதலில் கூட்டாண்மைப் பத்திரம், புது பான், புது ஜிஎஸ்டி. அந்தப் பெயரில் வடசேரிக் கடைக்குப் புது உரிமம். அது வந்த பிறகு ஆசாரிப்பள்ளம் உரிமத்தை ஒப்படைத்தோம். வரிசையை மாற்றியிருந்தால் இடையில் ஒரு கடையும் இல்லாமல் நின்றிருப்போம். பழைய ஜிஎஸ்டி எண்ணில் கிடந்த உள்ளீட்டு வரியை (சரக்கு வாங்கும்போது கட்டி, பின்னால் கழித்துக்கொள்ளும் வரி) புது எண்ணுக்குக் கொண்டுவர ஐடிசி-02 படிவம் உண்டு. பழைய பதிவை ரத்து செய்யும் முன்பே அதைப் போட்டுவிடுங்கள், ஆடிட்டர் மறந்தாலும் நீங்கள் நினைவூட்டுங்கள்.

இன்னொரு வருத்தம். ஆஸ்பத்திரி வாசலில் ஒன்றை ஒட்டி ஒன்றாக மெடிக்கல்கள். இரண்டு கடைக்கு நடுவே இத்தனை மீட்டர் இருக்க வேண்டும் என்று நம் மருந்து விதிகளில் எதுவும் இல்லை. நெரிசலான இடத்தில் இன்னும் நெரிசல். உள்கிராமத்தில் ராத்திரி ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வாங்கவும் வழியில்லை. அரசு இதை யோசித்துத்தான் ஆகவேண்டும். 2025 பிப்ரவரி 24 அன்று தமிழ்நாடு முழுக்க 1000 முதல்வர் மருந்தகங்கள் திறந்தார்கள். டி.ஃபார்ம், பி.ஃபார்ம் படித்த தொழில்முனைவோருக்கு 3 லட்சம் வரை மானியம். அந்த மாதிரி உதவியில் உள்கிராமத்துக்குப் போகிறவர்களுக்கு முன்னுரிமை கொடுத்தால் எத்தனையோ வீடுகளுக்குப் பயன்படும்.

குளச்சல் அக்கா:

நான் மூடினவள். வீட்டுக்காரருக்கு உடம்பு முடியவில்லை, பிள்ளைகள் வெளிநாட்டில். விற்றுவிட்டுப் போகலாம் என்று பலரும் கேட்டார்கள். கடையை விற்கலாம், லைசென்ஸை விற்க முடியாது. வாங்குபவர் தன் பெயரில் புதிதாக எடுக்க வேண்டும். எங்களுக்கு அது ஒத்துவரவில்லை.

உரிமம் காலாவதி ஆகட்டும் என்று சும்மா விடலாமே என்று சிலர் சொன்னார்கள். 2017 திருத்தத்துக்குப் பிறகு உரிமத்துக்கு முடிவுத் தேதி இல்லை, 5 வருடத்துக்கு ஒருமுறை தக்கவைப்புக் கட்டணம் கட்ட வேண்டும், அவ்வளவுதான். கட்டாமல் விட்டால் 6 மாதம் வரை மாதம் 2 சதவீதம் கூடுதல், அப்புறம் ரத்தானதாகக் கருதப்படும். அதுவரை அந்த முகவரியில் நம் பெயரில் ஒரு மருந்துக்கடை ஏட்டில் உயிரோடு இருக்கும். அந்தப் பெயரில் யாராவது சரக்கு எடுத்தால் பதில் சொல்வது நாம். அதனால் கடிதம் எழுதி, அசல் உரிமங்களை ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கினேன்.

மூடும் முடிவை எடுத்த அன்றே புதுச் சரக்கு எடுப்பதை நிறுத்துங்கள். ஏஜென்சிகள் முழுப் பெட்டியை பில்லோடு திரும்ப எடுப்பார்கள், பாதி விற்று வெட்டிய மாத்திரை அட்டையை எடுக்க மாட்டார்கள். எனக்கு அதில்தான் பணம் போனது. ஹெச்1 பதிவேட்டை (சில ஆன்டிபயாட்டிக், தூக்க மாத்திரை போன்ற கட்டுப்பாடுள்ள மருந்துகளின் விற்பனையை எழுதுவது) 3 வருடம் பாதுகாக்க வேண்டும், கடை போய்விட்டது என்று பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஜிஎஸ்டி ரத்தான பிறகு 3 மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10 என்ற இறுதிக் கணக்கும் உண்டு.

எனக்கு இதையெல்லாம் விட முக்கியமாகத் தோன்றியது வாடிக்கையாளர்கள்தான். வலிப்பு மாத்திரை, தைராய்டு, சர்க்கரை என்று மாதாமாதம் வருபவர்களின் பெயரை எழுதி, ஒவ்வொருவரிடமும் முன்கூட்டியே சொன்னேன். வலிப்பு மாத்திரையைச் சில நாள் விட்டாலே ஃபிட்ஸ் திரும்பலாம். கடலுக்குப் போகிறவர்களுக்கு அது உயிர் ஆபத்து. எந்தக் கம்பெனி மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்று சீட்டில் எழுதிக் கொடுத்து, பக்கத்துக் கடைத் தம்பியிடம் அந்தச் சரக்கை வாங்கி வைக்கச் சொல்லிவிட்டுத்தான் ஷட்டரைப் போட்டேன்.

மார்த்தாண்டம் டி.ஃபார்ம்:

அக்கா, அந்தச் சீட்டில் என்னென்ன எழுதினீர்கள் என்று ஒரு மாதிரி போடுங்கள். எங்கள் பக்கத்தில் ஒரு கடை வரும் மாதம் மூடுகிறது, அவர்களுக்குக் கொடுக்கிறேன்.

குளச்சல் அக்கா:

நோயாளி பெயர், டாக்டர் பெயர், மருந்தின் மூலப்பெயர், கம்பெனிப் பெயர், மில்லிகிராம், காலை மதியம் இரவு, கடைசியாக வாங்கிய தேதி, கையில் இருக்கும் மாத்திரை எந்தத் தேதிவரை வரும் என்பது. கடைசியில் சொன்னதைப் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லுங்கள், அதைத்தான் வீட்டில் உள்ளவர்கள் பார்ப்பார்கள்.