டீசலுக்கு எஞ்சின் பிரேக்கே கிடையாதாம்! (டி3 1.6 டீசல், ஆல்ப்ஸ் இறக்கம்)

டீசல்தாசன்:
"முதல் ஆல்ப்ஸ் பயணம்" இழையில நாலுஸ்ட்ரோக் ஐயா உதிர்த்த முத்து இது: "50 குதிரைத்திறன் ஃபோக்ஸ்வாகன் டி3 டீசலை வச்சுக்கிட்டு ஸ்டெல்வியோ பக்கமே போகாதீங்க. ஏறாது. ஏறினாலும் டீசலுக்கு எஞ்சின் பிரேக் கிடையாது, இறக்கத்துல கால் பிரேக் ஒண்ணுதான் கதி." (டி3 ஃபோக்ஸ்வாகனோட பழைய வேன், ஸ்டெல்வியோ இத்தாலி ஆல்ப்ஸ் கணவாய். எஞ்சின் பிரேக்னா மிதியை விட்டதும் கியர்ல இருக்கற எஞ்சினே வண்டியைத் தளர்த்தறது.) அங்கேயே பதில் போட்டா இழையைக் கெடுக்கறேன்னு புகார் வரும். அதனால தனி இழை.

ஏறுற கதையை முதல்ல முடிச்சிடுறேன். வண்டி, தண்ணி, சாமான், ஆள் எல்லாம் சேர்த்து 2 டன்னுன்னு வைங்க. ஆஸ்திரியாவோட க்ரோஸ்க்ளோக்னர் சாலையில அதிகபட்ச சரிவு 12 சதவீதம். அதுல மணிக்கு 20 கிலோமீட்டர்ல ஏறச் சக்கரத்துக்கு 15 கிலோவாட் வேணும், அதாவது 20 குதிரைத்திறன். 2,500 மீட்டர் உயரத்துல காற்றடர்த்தி 22 சதவீதம் குறையும், உங்க 50 அங்கே 39 ஆகும். ஆனாலும் மிச்சம் இருக்கு. முதல் கியர்ல போகணும், பின்னாடி பத்து கார் சேரும், அவ்வளவுதான்.

உயரத்துல கரும்புகை வந்தா பயப்படாதீங்க. இயந்திர பம்ப் அதே அளவு டீசலைத்தான் அடிக்கும், எரிக்கக் காற்றுதான் இல்லை. புகை நிக்கிற வரைக்கும் மிதியை லேசா விடுங்க. வேகம் குறையாது, எஞ்சின் சூடு குறையும்.

இப்போ ஐயா வரட்டும். 23:1 அழுத்த விகிதம் (உள்ளே இழுத்த காற்றை 23-ல ஒரு பங்கா நசுக்கறது) உள்ள எஞ்சினுக்கு எஞ்சின் பிரேக் எப்படி "கிடையாது"ன்னு விளக்கட்டும்.

நாலுஸ்ட்ரோக்:
விளக்கத்துக்கு என்ன பஞ்சம். பெட்ரோல் எஞ்சின்ல காற்று போற வழியில த்ராட்டில் தகடு உண்டு. காலை எடுத்தா தகடு மூடும், பிஸ்டன் வெற்றிடத்தை எதிர்த்து இழுக்கும், வண்டி தளரும். டீசல்ல தகடே இல்லை. 23:1-ல அழுத்தின காற்று ஸ்பிரிங் மாதிரி பிஸ்டனைத் திருப்பித் தள்ளும். வாங்கினதைக் கொடுத்துடும். கணக்கு பூஜ்யம்.

ஒரே கேள்வி: டீசலுக்கு எஞ்சின் பிரேக் இருந்தா, லாரிக்கு எதுக்கு எக்ஸாஸ்ட் பிரேக் (புகைக்குழாயை அடைச்சு வண்டியைத் தளர்த்தறது) வைக்கிறான்?

டீசல்தாசன்:
லாரி 40 டன், வேன் 2 டன். அதனால வைக்கிறான். அடுத்து?

வாங்கினதைத் திருப்பிக் கொடுக்குமாம். சூடான காற்று சிலிண்டர் சுவருக்குக் கொடுக்கற வெப்பத்தை யார் திருப்பிக் கொடுப்பா? பிஸ்டன் வளையம், பேரிங், ஆயில் பம்ப், வால்வ் இதெல்லாம் சும்மாவா சுத்துது? மிதியை விட்டா பாஷ் பம்ப் டீசலை முழுசா நிறுத்தும், எஞ்சினைச் சுத்தறது சக்கரம்தான். அந்த வேலைக்குப் பேர் என்ன?

நாலுஸ்ட்ரோக்:
எக்ஸாஸ்ட் பிரேக் ஏன் வைக்கிறான்? டன் கணக்கு கேக்கலை.

மோட்டார்ஹோம்_மணி:
40 வருஷத்து வண்டியைக் கட்டிக்கிட்டு ஏன் மல்லுக்கு நிக்கிறீங்க? சுவிஸ்ல கோட்ஹார்ட் சுரங்கம் 16.9 கிலோமீட்டர், 1980-லேர்ந்து திறந்துதான் இருக்கு. 40 ஃபிராங்க் வின்யெட் (நெடுஞ்சாலைக் கட்டண வில்லை) ஒட்டினா வேற கட்டணம் கிடையாது. ஏறவும் வேணாம், இறங்கவும் வேணாம். எங்க வண்டி 160 குதிரைத்திறன், ஆட்டோமேட்டிக், இறக்கத்துல அதுவே கியரைக் குறைச்சுக்கும்.

டீசல்தாசன்:
மணி சார், மலையடி ஊர் ப்ராட் பக்கத்து ஸ்டெல்வியோவுல 48 கொண்டை ஊசி. உங்க ஏழு மீட்டர் வண்டி பாதி வளைவுல ரிவர்ஸ் போட்டு ரெண்டு தடவை ஒடிச்சாதான் திரும்பும். டி3 ஒரே ஒடிப்புல திரும்பிடும். சோலார் பேனல் இழையில 100 வாட் பேனல் ஏசி ஓட்டும்னு சாதிச்சவர் நீங்க, அதை இன்னும் மறக்கலை.

நாலுஸ்ட்ரோக் ஐயாவுக்குக் கணக்கு. 12 சதவீத இறக்கம், 2 டன், மணிக்கு 30. ஈர்ப்பு தர்றது 19.6 கிலோவாட். டயர் உருளலும் காற்றும் 3 தின்னும். மிச்சம் 16 சொச்சத்தை யாராவது பிடிக்கணும். இரண்டாம் கியர்ல எஞ்சின் 2,700 சுற்று பக்கம் இருக்கும் (கியர்பெட்டிக்குக் கியர்பெட்டி கொஞ்சம் மாறும்). அந்தச் சுற்றுல 1.6 டீசலோட உள் இழுப்பு 8 கிலோவாட் சுமாருக்கு வரும். பாதியை எஞ்சின் பிடிக்குது. முதல் கியர்ல 20-க்கு வாங்க: பிடிக்க வேண்டியது 11 சொச்சம், எஞ்சின் 3,300 சுற்றுல பிடிக்கறது 10 கிட்ட. கால் பிரேக்குக்குக் கிட்டத்தட்ட வேலையே இல்லை. "கிடையாது"ங்கற வார்த்தைக்கு இப்போ என்ன அர்த்தம்?

நாலுஸ்ட்ரோக்:
பாதி! அவர் வாயாலேயே வந்துடுச்சு. இரண்டாம் கியர்ல மீதிப் பாதி கால் பிரேக்தான். இதைத்தான் சொன்னேன்.

டீசல்தாசன்:
நீங்க சொன்னது "கிடையாது". பாதின்னு சொல்லலை. மேலே மேற்கோள் இருக்கு, போய் படிங்க.

பழையவேன்:
ரெண்டு பேரும் ஒரே விஷயத்தைப் பத்தித்தான் பேசறீங்களா? ஒருத்தர் த்ராட்டில் வெற்றிடத்தைச் சொல்றார், ஒருத்தர் மொத்த உராய்வு இழுப்பைச் சொல்றார். எஞ்சின் பிரேக்னா எதுன்னு முதல்ல முடிவு பண்ணிட்டா...

நாலுஸ்ட்ரோக்:
தம்பி, அகராதி வேலை அப்புறம். எக்ஸாஸ்ட் பிரேக்குக்குப் பதில் வரட்டும்.

டீசல்தாசன்:
"கிடையாது"ன்னு எழுதினவர் வாபஸ் வாங்கட்டும், அப்புறம் அகராதி திறக்கலாம்.

ரைன்கரை:
உங்கட சண்டை முடியிறதுக்குள்ள ஆராவது பள்ளத்துக்குள்ள போயிடுவினம். ஸ்டெல்வியோ உச்சி 2,757 மீட்டர், கீழ ப்ராட் 900 சொச்சம். 2 டன் வாகனம் அந்த இறக்கத்தில கொட்டுற சக்தி கிட்டத்தட்ட 10 கிலோவாட்-மணி. அதில பாதி பிரேக்குக்குப் போனாலும் பிரேக் எண்ணெய் பழசெண்டால் முடிஞ்சுது. டாட் 4 தர எண்ணெய் புதுசா இருக்கேக்க குறைஞ்சது 230 பாகை மட்டும் கொதியாது. ஈரம் குடிச்ச பிறகு தரம் கேக்கிற எல்லை 155தான். டிஸ்க்கைப் பிடிக்கிற காலிப்பருக்குள்ள ஆவி வந்தால் பெடல் தரைமட்டும் போகும், வாகனம் நிக்காது. ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா எண்ணெயை மாத்துங்கோ. பின் ட்ரம்மைக் கழட்டி வீல் சிலிண்டர் கசியுதோ எண்டும் பாருங்கோ.

மற்றது, டீசலில பிரேக் சர்வோவுக்கு (மிதிக்கிற பலத்தைக் கூட்டுற கருவி) வெற்றிடம் தாறது தனிப் பம்ப். அதின்ர டயஃப்ரம் தளர்ந்திருந்தால் கால் பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதிக்கேக்க உதவி குறைஞ்சுகொண்டு வரும், பெடல் கல்லு மாதிரி இறுகும். இதை ஒருத்தரும் சொல்லேல்லை.

நாலுஸ்ட்ரோக்:
பார்த்தீங்களா! தகடு இல்லாததால வெற்றிடம் இல்லை, அதனாலதான் தனிப் பம்ப். ரைன்கரை அண்ணன் என் பக்கம்.

ரைன்கரை:
நான் ஒருத்தற்ர பக்கமும் இல்லை. சும்மா என்னை இழுக்காதேங்கோ.

டீசல்தாசன்:
அண்ணன் சொன்ன பிரேக் எண்ணெய் விஷயம் நூத்துக்கு நூறு. ஆனா பிரேக் போடற முறையைச் சொல்லாம விட்டுட்டார், நான் சொல்றேன். இறக்கம் முழுக்க லேசா தேய்ச்சுக்கிட்டே வராதீங்க. கியர் பிடிக்கட்டும். வேகம் 35 தாண்டினா அழுத்தமா மிதிச்சு 25-க்குக் கொண்டுவந்து முழுசா விடுங்க, நடுவுல டிஸ்க் ஆறும். வாடை வந்துட்டா அகலமான இடத்துல நிறுத்துங்க, தண்ணி ஊத்தாதீங்க. சூடான ட்ரம்ல கை பிரேக்கை இறுக்காதீங்க, கியர்ல விட்டுச் சக்கரத்துக்குக் கல் கொடுங்க. இன்ஸ்ப்ரூக் பக்கத்துல ஸிர்லர் பெர்க் 16 சதவீதம். பிரேக் போன வண்டி ஏறி நிக்கத் தனி ஓடுபாதையே வெட்டி வச்சிருக்காங்க. அதெல்லாம் நியூட்ரல்ல இறங்கறவங்களுக்கும், டீசலுக்கு எஞ்சின் பிரேக் கிடையாதுன்னு நம்பறவங்களுக்கும்.

கியரை உச்சியிலேயே, இறங்கறதுக்கு முன்னாடியே போட்டுடுங்க. வேகம் எடுத்தப்புறம் முதல் கியருக்குத் தள்ளப் பார்த்தா சுற்று எகிறும். பம்ப்ல சுற்றைக் கட்டுப்படுத்தற கவர்னர் டீசலைத்தான் நிறுத்தும், சக்கரம் சுத்தறதை நிறுத்தாது. டைமிங் பெல்ட் பல் தாவினா வால்வ் பிஸ்டன்ல இடிக்கும்.

நாலுஸ்ட்ரோக்:
ஆக முதல் கியர்ல போனா பெல்ட் போகும், இரண்டாம் கியர்ல போனா பிரேக் போகும். அருமையான வண்டி! டி3-லயே 1.9 பெட்ரோல் 78 குதிரைத்திறன் இருக்கு, தகடும் இருக்கு.

டீசல்தாசன்:
அந்தப் பெட்ரோல் எஞ்சினுக்கு ஹெட் கேஸ்கெட் கசியறது ஊருக்கே தெரியும். ஏத்தத்துல கொதிச்சு நின்னா எந்தத் தகடு காப்பாத்தும்?

கொதிக்கறதுன்னதும் ஞாபகம் வருது. ரேடியேட்டர் முன்னாடி, எஞ்சின் பின்னாடி, நடுவுல வண்டி நீளத்துக்குக் குழாய். மொத்தம் 16-17 லிட்டர் கூலண்ட். காற்று மாட்டிக்கிட்டா ஏத்தத்துலதான் காட்டிக் கொடுக்கும். வண்டி முன்பக்கத்தை 40 சென்டிமீட்டர் தூக்கி, ரேடியேட்டர் மேல இருக்கற ஸ்க்ரூவைத் திறந்து, எஞ்சினை 2,000 சுற்றுல வச்சு, குமிழி இல்லாம தண்ணி வர்ற வரைக்கும் ஊத்திட்டு மூடுங்க. கூலண்ட் தொட்டி மூடியைப் புதுசா போடுங்க. 2,500 மீட்டர்ல வெறும் தண்ணி 92 பாகையில கொதிக்கும். மூடி 1 பார் அழுத்தம் பிடிச்சா 116 வரைக்கும் தாங்கும். சீல் போனா வெறும் 92தான்.

மோட்டார்ஹோம்_மணி:
ஏத்தத்துல ஹீட்டரை முழுசா திறந்து விட்டா போதுமே, எல்லாரும் அதைத்தானே செய்றாங்க. இதுக்கு ஏன் முன்பக்கத்தைத் தூக்கணும்?

டீசல்தாசன்:
காற்றடைச்ச குழாய்ல ஹீட்டரைத் திறந்தா குளிர்காத்துதான் வரும். ஹீட்டர் ஒரு சின்ன ரேடியேட்டர், கொஞ்சம் உதவும். அதை வச்சுப் பழுதை மறைக்கக் கூடாது.

ரைன்கரை:
ஹீட்டர் உதவும் எண்டும் சொல்லுறியள், வேண்டாம் எண்டும் சொல்லுறியள். அதை விடுங்கோ, பின்னால பத்து கார் சேர்ந்தால் சேரட்டும் எண்டு மேல எழுதியிருக்கிறியளே, அது பிழை. ஒதுங்கக்கூடிய இடம் வந்தால் ஒதுங்கி விடோணும். சுவிஸில நீல பலகையில மஞ்சள் கொம்பு கீறின தபால் சாலையெண்டால் போஸ்ட் பஸ் சாரதி கையைக் காட்டினபடி செய்யோணும். ஒடுங்கின றோட்டில இறங்கி வாறவர்தான் பொதுவா ரிவர்ஸ் எடுக்கோணும்.

டீசல்தாசன்:
அண்ணே, ஒதுங்கக் கூடாதுன்னு நான் எங்கே எழுதினேன்? பத்து கார் சேரும்னுதான் எழுதினேன். சரிவுல ஒதுங்கி நின்னா 2 டன்னை மறுபடி கிளப்ப க்ளட்ச் புகையும், அது தெரியுமா? சமமான இடம் பார்த்துதான் ஒதுங்க முடியும்.

ரைன்கரை:
"அவ்வளவுதான்" எண்டு எழுதினனீங்கள். வாசிச்ச எனக்கு விளங்கினது அதுதான்.

மோட்டார்ஹோம்_மணி:
க்ளட்ச் புகையற வண்டிக்கு இவ்வளவு பெருமை.

நாலுஸ்ட்ரோக்:
இழை எங்கெங்கேயோ போயிடுச்சு. லாரிக்கு எக்ஸாஸ்ட் பிரேக் ஏன்?

டீசல்தாசன்:
40 டன். ரெண்டாவது தடவை சொல்றேன். "கிடையாது"ன்னு எழுதினதை எப்போ திருத்தப் போறீங்க?

நாலுஸ்ட்ரோக்:
திருத்தறதுக்கு என்ன இருக்கு? பாதின்னு நீங்களே ஒத்துக்கிட்டாச்சு.