கையெழுத்து முதல்ல, தீர்மானம் அப்புறமா?

ஓட்டுப் போட்டுட்டு அடுத்த எலெக்‌ஷன் வரைக்கும் என்ன பண்றீங்கன்னு கேட்டிருந்தீங்க. பெருசா ஒண்ணும் பண்ணல, ஒரு நோட்டுல கையெழுத்து போடமாட்டோம்னு நின்னோம், அவ்ளோதான்.

நமக்கு மண்டபம் பக்கம், கடலோரம். 2023 அக்டோபர் 2 கிராம சபை திங்கக்கிழமைல வந்துச்சு, இங்க விசைப்படகு போறது திங்க, புதன், சனி, அதனால ஆம்பளைங்க பாதிப் பேரு கடல்ல, வந்ததெல்லாம் பாசி எடுக்குற பொம்பளைங்க, பெருசுங்க, டீ குடுப்பாங்கன்னு வந்த பசங்க. எங்க தெருவுல காவிரித் தண்ணி பைப்பு இருக்கு, தண்ணிதான் வராது. கடைசித் தெரு, முன்னாடி வீட்டுக்காரங்க மோட்டார் வச்சு இழுத்துர்றாங்க. நாங்க தள்ளுவண்டில குடத்த அடுக்கிட்டு ஊத்துக்குப் போயி கொட்டாங்கச்சியால மோண்டு மோண்டு ஊத்தணும், ஒரு குடம் ரொம்புறதுக்குள்ள இடுப்பு விட்டுப் போயிரும்.

போன உடனே கிளர்க் நோட்ட நீட்டுனாரு. எங்க பெரியம்மாவுக்கு படிப்பு அவ்வளவா இல்ல, ஆனா வெத்துப் பக்கம் தெரியும்ல. "தம்பி, இதுல ஒண்ணுமே எழுதலயே?"

"வருகைக்குத்தாம்மா, தீர்மானம் அப்புறம் எழுதிக்குவோம்."

போட்டுட்டோம். தண்ணிக்காக அரை மணி நேரம் கத்துனோம், எழுதிக்கிறோம்னாங்க. ஒரு மாசம் கழிச்சு 10 ரூவா கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி தகவல் உரிமைச் சட்டத்துல அந்த நோட்டு காப்பி கேட்டேன், 30 நாள்ல வரணும், வரல, மேல்முறையீடு போட்டப்புறம்தான் ஜெராக்ஸ் வந்துச்சு. பெரியம்மாவோட கோணல் கையெழுத்து அப்படியே இருக்கு, தண்ணின்னு ஒரு வார்த்தை இல்ல!

பார்லிமெண்ட் எலெக்‌ஷன் கூத்தெல்லாம் முடிஞ்சு 2024 ஆகஸ்ட் 15 கிராம சபைக்குப் போனோம். தீர்மானத்த நாங்களே பேப்பர்ல எழுதிட்டுப் போயி, இத நோட்டுல ஏத்துங்க, படிச்சுக் காட்டுங்க, அப்புறம் கையெழுத்துன்னு உக்காந்துட்டோம். அவருக்குக் கடுப்பு, ஆனா எழுதுனாரு. பெரியம்மா என்னைய படிக்கச் சொல்லி "மோட்டார்னு இருக்கா?"ன்னு ரெண்டு தடவ கேட்டுச்சு.

மோட்டார புடுங்க ஆள் வந்தாங்க. ரெண்டு மாசம் தண்ணி நல்லா வந்துச்சு, இப்ப மறுபடி நூலு மாதிரி. 2025 ஜனவரில ஊராட்சித் தலைவர் பதவிக்காலம் முடிஞ்சப்புறம் அரசாங்கம் போட்ட தனி அலுவலர்தான், நோட்ட மட்டும் விடாம கேட்டுட்டு இருக்கோம்.

இதப் படிச்சுட்டு கீழக்கரைல இருந்து ஒருத்தங்க: எங்களுக்கு நகராட்சி அக்கா, கிராம சபை கிடையாது, ஏரியா சபைதான். எங்க வார்டுல அது எப்ப நடக்குதுன்னு கேட்டா நாளைக்குச் சொல்றோம்பாங்க. நாளான்னிக்குப் போனா நேத்தே முடிஞ்சிருச்சும்பாங்க.

தொண்டி பக்கம் இருந்து இன்னொருத்தங்க: ஜெராக்ஸ் கெடச்சா கையெழுத்த எண்ணுங்க. 500 பேருக்குள்ள உள்ள ஊருன்னா 50 பேரு, 3000 வரைக்கும் 100, அதுக்கு மேல 10000 வரைக்கும் 200 பேரு வந்திருக்கணும், இல்லன்னா சபை செல்லாது. நானும் ஒருக்கா வாங்கி எண்ணுனேன், கணக்கு கரெக்டா இருந்துச்சு. ஆனா 87வது கையெழுத்து எங்க மச்சானோடது, அவரு அன்னைக்கு சவுதில இருந்தாரு.