கொல்லையில் கேமராவோடு: ஐப்பசி முதல் சித்திரை வரை

எங்கள் வீடு தஞ்சாவூர்ப் பக்கம். கொல்லையில் ஒரு மாமரம், கொஞ்சம் வாழை, கிணற்றடியில் கறிவேப்பிலை, வேலியோரம் செம்பருத்தி. இவ்வளவுதான். படம் எடுக்கக் காட்டுக்குத்தான் போக வேண்டும் என்று நினைப்பவர்கள் ஒரே இடத்தை ஒரு வருஷம் விடாமல் பார்க்க வேண்டும். எந்த மாதம் எது வரும், எந்தக் கிளையில் உட்காரும் என்று தெரிந்துவிட்டால் பாதிப் படம் எடுத்த மாதிரி.

ஐப்பசியில் மழை பிடிக்கிற நாட்களில் ஆறுமணிக்குருவி வந்து சேரும். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே வருகிற பறவை. இரவில் பறந்து வருவதால், களைத்துப்போய் வீட்டுத் திண்ணையில் கிடப்பதும் உண்டு. அப்படிக் கண்டால் காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வையுங்கள், தெளிந்ததும் விட்டுவிடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றவே வேண்டாம்.

விடியற்காலையிலும் அந்தியிலும் இரட்டைச் சீழ்க்கை கேட்டால் அது வந்துவிட்டது என்று அர்த்தம். பச்சை முதுகு, இறக்கையில் பளிச்சென்ற நீலம், கண் வழியாக ஓடும் கறுப்புப் பட்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு. வால் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும், அவ்வளவு குட்டை. மாமரத்தடிச் சருகை அலகால் புரட்டிப் புரட்டித்தான் இரை தேடும். அம்மா அந்தச் சருகைக் கூட்டிக் கொளுத்திவிடுவார். பங்குனி வரைக்கும் விட்டுவிடச் சொன்னேன்.

“பூச்சி பொட்டு அடையும்டா.”

“பூச்சிக்காகத்தாம்மா அது வருது.”

விட்டுவிட்டார். அங்கே வெளிச்சம் குறைவு. சமையற்கட்டு ஜன்னல் கம்பியில் லென்ஸைத் தாங்கலாக வைத்து, ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளி உணர்திறன்) 3200, ஷட்டர் 1/100 நொடி என்று எடுக்கிறேன். தத்தித் தத்திப் போய் நடுவில் சிலைபோல் நிற்கும். அந்த நொடிக்கு இது போதும். ஃபிளாஷ் போடுவதில்லை, பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும் இல்லை. பிழைக்க வந்த இடத்தில் அதை அலைக்கழிப்பதில் எனக்கு உடன்பாடே கிடையாது.

மழை விட்ட மாலையில் ஈசல் கிளம்பினால் கரிச்சான், மைனா, தவிட்டுக்குருவி, காகம் எல்லாம் ஒரே இடத்தில் கூடிவிடும். பறக்கிற கரிச்சானைப் பிடிக்க ஷட்டர் 1/2000 வேண்டும். தை பிறந்ததும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு. தமிழ்நாட்டில் 2015 முதல் நடக்கிறது. வீட்டுக் கொல்லையில் பார்த்த பட்டியலையும் கொடுக்கலாம், ஒரு பதினைந்து நிமிஷம் பார்த்து எண்ணினால் போதும்.

அப்புறம் கறிவேப்பிலை. இலையில் பறவை எச்சம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், உற்றுப் பாருங்கள். கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு அப்படியே எச்சம் மாதிரிதான் இருக்கும், கருப்பும் வெள்ளையுமாக, ஈரப் பளபளப்போடு. வளர்ந்ததும் இலைப் பச்சைக்கு மாறிவிடும். ஒரு எறும்பு மேலே ஏறியபோது தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பு நீண்டது, கூடவே காட்டமான ஒரு வாடை. எறும்பு இறங்கிவிட்டது. இதையெல்லாம் செல்போனில் மேக்ரோ லென்ஸ் மாட்டியே எடுத்தேன்.

புழுவைவிட வண்ணத்துப்பூச்சிதான் என்னை அதிகம் அலையவிட்டது. இதன் பெண்ணில் ஒரு வகை, ரோஜா அழகி என்ற இன்னொரு வண்ணத்துப்பூச்சியைப் போலவே வேஷம் போடும். ரோஜா அழகியின் புழு ஆடுதீண்டாப்பாளையைத் தின்று நஞ்சேறி வளர்வதால் பறவைகள் அதைத் தொடாது. அந்த மரியாதை இதற்கும் கிடைக்கிறது. பறக்கும்போது இரண்டையும் பிரித்துச் சொல்வது சிரமம். படத்தைப் பெரிதாக்கி உடம்பைப் பாருங்கள்: சிவப்பு உடம்பு என்றால் ரோஜா அழகி, கறுப்பு உடம்பு என்றால் நம்ம கறிவேப்பிலைக்காரி. வெயில் ஏறும் முன் இறக்கை விரித்துக் காயும்போது எடுத்தால் இது தெளிவாக விழும்.

மாசி, பங்குனியில் செம்பருத்தியில் தேன்சிட்டு கூடு கட்டும். சிலந்தி நூலால் பின்னிய தொங்கல் கூடு. மறைக்கிற இலையைக் கிள்ளினால் படம் நன்றாக வரும், காகத்துக்கும் கூடு நன்றாகத் தெரியும். நான் ஒரு இலையைக்கூடத் தொடுவதில்லை.

போன சித்திரையில் வேலியோரம் இரண்டு பாம்புகள் பின்னிக்கொண்டு ஆளுயரத்துக்குப் பாதி எழும்பின. சாரையும் நாகமும் சேருகிறது, புது வேட்டியை மேலே போட்டு எடுத்து வைத்தால் செல்வம் சேரும் என்று பக்கத்து வீட்டுத் தாத்தா ஓடி வந்தார். தூரத்தில் நின்று எடுத்த படங்களை அவரிடம் காட்டினேன். இரண்டுக்குமே பெரிய வட்டக் கண், உதட்டுச் செதில்களில் கறுப்புக் கோடு, நாகம் மாதிரி படம் விரிக்கிற கழுத்து எதற்கும் இல்லை. இரண்டும் சாரைதான். இரண்டும் ஆண், பெண்ணுக்காக மல்லுக்கு நின்று ஒன்றையொன்று தரையில் அமுக்கப் பார்க்கின்றன. தாத்தா வெகு நேரம் படத்தையே பார்த்துவிட்டு, “அப்ப இதுதான் வயல்ல எலி புடிக்கிறதா?” என்றார். அதேதான் தாத்தா என்றேன்.

இப்போது தெருவில் பாம்பு என்றால், கம்பைத் தேடும் முன் தள்ளி நின்று ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புகிறார்கள். சாரை என்றால் விட்டுவிடுகிறோம். நல்லபாம்போ கண்ணாடிவிரியனோ வீட்டுக்குள் வந்துவிட்டால் வனத்துறைக்குச் சொல்கிறோம்.